பதினாறு சிசி கூடுதல்

எந்தக் கிளாஸில் பெயர் கொடுக்கட்டும் என்று நான் கேட்ட பிறகுதான் அண்ணன் கதவைத் திறந்தான்.

ஷார்ஜாவிலிருந்து அவன் திரும்பி வந்து அப்போது ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் மாடி அறையில்தான் கிடந்தான். அம்மா சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு இறங்குவாள். ஒரு மணி நேரம் கழித்துப் போனால் பாதி தின்ற தட்டு அதே இடத்தில் இருக்கும். சபையிலிருந்து ஜெபிக்க வந்தவர்களிடம் தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னான். பழைய கூட்டாளிகள் மாடிப்படியில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வலது கை நடுங்குகிறதே என்று நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கைக்கு ஒன்றும் இல்லை, மனசு ஆறட்டும் என்றார்கள். ஆறுகிற வழியைக் காணோம். எனக்கோ பொறுமை கிடையாது. நான் கணக்கு டீச்சர். ஒரு வழியில் விடை வராவிட்டால் அடுத்த வழியில் போட்டுப் பார் என்று பிள்ளைகளைத் திட்டியே பழகியவள்.

அதனால் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு மாடி ஏறினேன்.

“அண்ணா, கோயம்புத்தூர்ல டிராக் ரேஸ் வருது. எனக்க வண்டியைக் கொண்டு போறேன். ஃபார்ம்ல என்ன கிளாஸ்னு கேட்டிருக்கு. எதுல எழுதட்டு?”

 உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. தாழ்ப்பாள் விலகியது. தாடியும் இடுப்பில் கசங்கிய சாரமுமாக வந்து நின்றான்.

“ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?”

ஏழு மாதத்தில் என்னிடம் அவனாகப் பேசிய முதல் வாக்கியம் அது. எனக்குச் சந்தோஷம். ஆனாலும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு படிவத்தை நீட்டினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்னால் போகிற மினி பஸ்ஸை முந்தத் தெரியாமல் மார்த்தாண்டம் வரை அதன் புகையைக் குடித்துக்கொண்டே போகிறவள் நான். பந்தயத்தின் மேல் எனக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு விழுந்ததும் நானூறு மீட்டர் நேராகப் பாய வேண்டும் என்பதையே முந்தைய வாரம் போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அண்ணன் பதினான்கு வருடம் ஷார்ஜாவில் அப்படிப்பட்ட வண்டிகளுக்குத்தான் எஞ்சின் கட்டினான். அவன் உடைந்துபோனதும் அப்படி ஒரு வண்டியால்தான்.

அவனுக்கு நெருங்கிய சிநேகிதர் ஒருவர், பாலக்காட்டுக்காரர், தன் வண்டியின் ஃப்ளைவீலைக் கடைந்து எடை குறைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் முனையில் சேர்ந்து சுற்றும் கனமான இரும்புத் தட்டு. அது லேசானால் எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்கும். இது பழைய வார்ப்பிரும்பு, கடையக் கூடாது என்று அண்ணன் சொன்னான். அவர் கெஞ்சினார். அண்ணன் கடைந்து கொடுத்துவிட்டான். ஓட்டத்துக்கு முன் நின்ற இடத்திலேயே எஞ்சினை முறுக்கியபோது அது வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்தது. அவருடைய வலது பாதத்தை எடுக்க வேண்டி வந்தது. நான்தானே கேட்டேன், உன்மேல் தப்பில்லை என்று அவர் ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லி அனுப்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அண்ணன் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னான். அதற்கப்புறம் எந்த எஞ்சினையும் தொடவில்லை.

இப்போது அவனை நான் எஞ்சினைத் தொட வைக்கப் போகிறேன். அதை நானே ஓட்டப் போகிறேன். நல்லபடியாக முடிந்தால் என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைப்பான். அவன் கட்டிய எஞ்சினால் எனக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அந்தக் கதவு அப்புறம் திறக்காது. இதைத் தெரிந்தேதான் செய்தேன். துணிச்சல் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

படிவத்தை அவன் இரண்டு நாள் படித்தான். என் வண்டி பழைய நான்கு கதவுப் பெட்ரோல் கார். என்னிடம் வரும்போதே இரண்டு கை மாறியிருந்தது. எஞ்சின் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு சிசி. படிவத்தில் எங்களுக்குப் பொருந்துகிற மாதிரி இரண்டு கிளாஸ் இருந்தன. ஒன்று, ஆயிரத்து முந்நூறு சிசிக்குள், கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிகள். இன்னொன்று, ஆயிரத்து நானூறுக்குள், எஞ்சினில் என்ன வேலை செய்திருந்தாலும் சரி. இரண்டாவதில் வருகிறவர்கள் சீட்டுகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, எஞ்சினை அதன் அளவுக்கு மேல் முறுக்கி ஓட்டுகிறவர்கள்.

மூன்றாம் நாள் அவனே கீழே இறங்கி வந்தான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் போட்டால் மறுபடி ஏறிவிடுவானோ என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“ரெண்டு சிசி பாக்கி கெடக்கு. ஸ்டாண்டர்ட் கிளாஸ்ல போடு” என்றான். “ஒரு ஆணியைக்கூட மாத்தாண்டாம். ஆனா இந்த எஞ்சினை இப்பிடியே கொண்டு போவவும் முடியாது.”

முடியாதுதான். அமுக்கம் பார்க்கிற மீட்டரை மாட்டிப் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டர் படுத்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீலப்புகை வரும். எஞ்சினை இறக்க வேண்டும். புது ரிங், புது பேரிங், வால்வுகளை உட்கார வைப்பது. சிலிண்டரைப் பெரிதாக்கக் கூடாது. உள்சுவரில் லேசாகக் கல் கொடுத்துச் சொரசொரப்பாக்கினால் போதும், ரிங் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஹோனிங் என்று பெயர். இதையெல்லாம் அவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அரை மணி நேரமும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் கையைப் பார்க்கவில்லை, எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்கள் இருக்கிற வார்ப்புப் பாகத்தை மட்டும் குளச்சலுக்கு அனுப்பச் சொன்னான். அங்கே ஒரு லேத் பட்டறைக்காரர். மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பார்க்கிறவர். அந்தக் கை சுத்தம் வேறு யாருக்கும் வராது என்பது அண்ணன் கட்சி. அவன் வெளியே போகத் தயாரில்லை. “ஹோனிங் மட்டும்” என்று கோணல் எழுத்தில் எழுதிக் கொடுத்தான். நான்தான் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

அங்கே போய் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வரவில்லை. “ரேஸுக்குப் போற வண்டி, நல்லா செஞ்சு தாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன்.

நான்கு நாள் கழித்துப் போனபோது பட்டறைக்காரர் புத்தம் புதிது போலப் பளபளத்த வார்ப்பைத் துணியால் துடைத்துக் காட்டினார். பக்கத்தில் ஒரு பெட்டியில் நான்கு பிஸ்டன்கள்.

“டீச்சரே, கல்லு போட்டா மட்டும் போறாது. உள்ள நல்ல வரை விழுந்து கெடந்துது. அரை மில்லி எடுத்துப் புதுசாக்கியாச்சு. அதுக்குத் தக்க பிஸ்டனும் வரவச்சிட்டேன்.”

“அண்ணன் ஹோனிங் மட்டும்னுதானே எழுதித் தந்தான்?”

“அதைப் பாத்தேன். ஆனா பிள்ளே, சும்மா சொரண்டி விட்ட எஞ்சின் நடுக்கடல்ல நின்னுதுன்னு வையுங்க, நாலு குடும்பத்துக்குப் பதில் சொல்லணும். பழைய சிலிண்டரை அப்பிடியே நான் இதுவரை ஆருக்கும் திருப்பிக் குடுத்ததில்ல. நீங்களும் நல்லா செய்யணும்னு சொன்னீங்கல்லா?”

“சிசி கூடிப் போவுமே அண்ணாச்சி!”

அவர் உண்மையாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். “கடலுக்குள்ள ஆரு பிள்ளே சிசி அளக்கான்?”

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? நாற்பது வருடமாக அவர் கைபட்ட எஞ்சின்கள் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. தன் அறிவுக்கு எது நேர்மையோ அதைச் செய்திருக்கிறார். ஆட்டோவில் திரும்பும்போது நான் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். வகுப்பில் நாற்பத்தைந்து பேருக்கு, கேட்டதற்கு மட்டும் விடை எழுது என்று சொல்கிற வாய் இது.

அண்ணன் அளவுமானியை விட்டுப் பார்த்தான். எழுபத்து நான்கு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய விட்டம் எழுபத்து நான்கரை. அவன் என்னைப் பார்த்தான். நான் பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு. மறுபடி போட்டேன். வாழ்க்கையில் என் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

“பதினாறு கூடுதல். கிளாஸ் மாறிப் போச்சு” என்றான். அளவுமானியைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தான். மாடி ஏறிப் போனான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இரண்டு நாள். பாதி தின்ற தட்டுகூட வரவில்லை, முழுத் தட்டு அப்படியே திரும்பி வந்தது. அம்மா என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைப்பையோடு மாடிக்குப் போய் மூடிய கதவின் முன் உட்கார்ந்தேன்.

“அண்ணா, நாம ஆயிரத்து இருநூத்தித் தொண்ணூத்தெட்டுனே எழுதுவோம். பதினாறு சிசி. வெளியேருந்து பாத்தா ஆருக்குத் தெரியும்?”

சொல்லி முடிக்குமுன்பே எனக்கு வெட்கமாக இருந்தது. காப்பியடித்த பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிறவள் பேசுகிற பேச்சா இது?

உள்ளேயிருந்து பதில் வந்தது. “தோத்தவன் ஒருத்தன் புகார் குடுத்தா எஞ்சினைத் தொறந்து அளப்பான். அளக்கல்லன்னாலும் நான் பொய் எழுதின வண்டியில உன்னைக் கொண்டு நிறுத்த மாட்டேன்.”

“அப்பம் அடுத்த கிளாஸ்ல நிறுத்து.”

“அதுல வாறவன் எல்லாம் நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்துக்கு மேல முறுக்குவான்.”

“நான் முறுக்கல்ல. கடைசியா வாறேன். தோத்துட்டு வீட்டுக்கு வந்து மீன்குழம்பு வச்சுத் தின்போம்.”

 கால் மரத்துப்போய் எழுந்திருக்கப் பார்த்தேன். அப்போது, “புது ஃப்ளைவீல் வேணும். கம்பெனி சாமானம். அதுல ஒருத்தனும் கை வைக்கப்பிடாது. நானும்தான்” என்றான். தாழ்ப்பாள் விலகியது.

அதற்கடுத்த ஒன்றரை மாதம் கார் நிறுத்துகிற கொட்டகையில் கழிந்தது. கட்டுவது அவன், முறுக்குவது நான். அவன் கை நிற்காததால் போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்குகிற கம்பி என் கையில் இருந்தது. ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயின்டால் ஒரு புள்ளி வைப்பான். மறுபடி சோதித்துவிட்டு வெள்ளைப் புள்ளி. நியாயமாக அதோடு முடிந்தது. அடுத்த நாள் பார்த்தால் நீலம் வந்திருக்கும். அதற்கடுத்த நாள், பெயின்ட் தீர்ந்துபோனது என்று என் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பு வைத்திருந்தான். ஃப்ளைவீலின் ஆறு போல்ட்டுகளில் நிறத்துக்கு மேல் நிறமாக மேடு தட்டிவிட்டது. நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

எங்கள் வண்டியில் ஃப்ளைவீல் இடது பக்கம் வருகிறது. ஓட்டுகிறவளின் காலுக்கு நேரே அல்ல, பக்கத்துச் சீட்டில் உட்கார்பவரின் காலுக்கு நேரே. பாலக்காட்டுக்காரரின் வண்டி வேறு அமைப்பு. இது அவனுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் கனமான இரும்புத் தகடு ஒன்றை வெட்டி, பந்தயத்தில் யாரும் உட்காராத அந்த இடது பக்கத் தரை முழுக்கப் பதித்தான். வண்டிக்கு எடை கூடுமே என்றேன். கூடட்டும் என்றான்.

பழகுவதற்கு இடம் கிடைத்தது. எங்கள் ஊர் அண்டியாபீஸ், அதாவது முந்திரி ஆலை, மூடிக் கிடக்கிறது. கொட்டை காயப்போட்ட சிமென்ட் முற்றம் நீளமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அதே சேலையோடு போய் அங்கே கிளட்ச் விட்டுப் பழகினேன். முதல் கியரில் பாய்ந்து, இரண்டாவதை மாற்றி, உடனே நிறுத்த வேண்டும். அதற்குள் முற்றம் முடிந்துவிடும்.  நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அண்ணன் சுவர் ஓரம் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பான்.

கோயம்புத்தூருக்கு அந்த வண்டியிலேயே போனோம். மறுநாள் காலை பரிசோதனையில் ஒருவர் பானட்டைத் திறந்து, புள்ளிகளைப் பார்த்து, இது என்ன கோலமா என்று கேட்டார். நாங்கள் பேசியதைக் கேட்டு, “நீங்க கேரளாவா மேடம்?” என்றார். நாகர்கோவில் பக்கம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. எங்கள் கிளாஸில் நின்ற மற்ற வண்டிகளுக்குள் ஓட்டுகிறவரின் சீட்டைத் தவிர ஒன்றுமில்லை. எங்கள் வண்டியில் நான்கு சீட்டும், அவற்றின் மேல் அம்மா தைத்த பூப்போட்ட உறையும் இருந்தன.

ஒருவருக்கு மூன்று ஓட்டம். அதில் நல்ல நேரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுநர்களைக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார்கள். நான் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். ஹெல்மெட்டை மாட்டினேன். 

முதல் ஓட்டத்தில் பக்கத்தில் ஒரு ஆரஞ்சு நிற வண்டி. பச்சை விழுந்தது. கிளட்ச்சை விட்டேன். வண்டி பாய்ந்தது. ஐயாயிரத்தைத் தொட்டதும் எஞ்சின் தடதடவென்று உதறியது. யாரோ அதன் வாயைப் பொத்தியது போல. பெட்ரோல் அடைப்பு என்று நினைத்து இரண்டாவதுக்கு மாற்றினேன். அங்கேயும் ஐயாயிரத்தில் அதே உதறல். மூன்றாவதிலும் அதே. ஏதோ உடையப் போகிறது, உடையப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நானூறு மீட்டரையும் ஊர்ந்து முடித்தேன். ஆரஞ்சு வண்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. இருபது நொடிக்கு மேல் ஆகியிருந்தது. எங்கள் ஊர் மினி பஸ்ஸே அதைவிடச் சீக்கிரம் போகும்.

திரும்பி வந்தால் அண்ணன் பதறவில்லை. என்ன ஆச்சு என்றுகூடக் கேட்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான்தான் குனிந்து வயர்களைத் தேடினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சினுக்குப் பொறி போகிற வயரில், தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. காலையில் அது அங்கே இல்லை.

“இது என்னது?”

“லிமிட்டர். அஞ்சாயிரத்துக்கு மேல விடாது.”

“எப்பம் வச்ச?”

“நீ விதி கேக்கப் போனப்பம்.”

எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது. பத்துப் பேர் பார்க்கக் கத்தினேன். “எஞ்சின் பொளந்துடும்னு நெனச்சு உசிரு போச்சு எனக்கு! நீ கட்டின எஞ்சினை நீயே நம்பல்லன்னா என்னை எதுக்கு அதுல ஏத்தின?”

“நீதான் ஓட்டணும்னு சொன்ன.”

“எனக்கு ஒரு ஓட்டமும் வேண்டாம்! நீ அந்த அறைய விட்டு வெளிய வரணும். அதுக்குச் சொன்ன பொய்யி அது!”

சொல்லக் கூடாது என்று இத்தனை நாள் காத்ததைச் சொல்லிவிட்டேன். அண்ணன் முகம் மாறவில்லை.

“தெரியும்” என்றான். “செகண்ட் மாத்தும்போ நீ கண்ணை மூடுகதை அண்டியாபீஸ்ல நான் பாக்கல்லியா? ஓட ஆசை உள்ளவளா அப்பிடி மூடுவா?”

“பின்ன எதுக்கு வந்த?”

“நீ இவ்வளவு பயந்துக்கிட்டு வாறியே. நான் எப்பிடி வராம இருப்பேன்?”

அப்புறம் மெதுவாகச் சொன்னான். “ஒரு ஆளுக்க பாதம், மக்கா. அஞ்சாயிரம் தாண்டுக சத்தம் கேட்டாலே எனக்கு அதுதான் தெரியுது.”

என் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் அடுத்ததைச் சொன்னேன். அது இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் வந்திருக்காது.

“அந்த ஃப்ளைவீல் நிக்குமா, நிக்காதா? எனக்க மூஞ்சப் பாத்துச் சொல்லு. நிக்காதுன்னா இப்பமே ஊருக்குப் போவோம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நிக்கும்னா அந்தப் பெட்டியை நீயே கழத்து.”

அவன் பானட்டைத் திறந்தான். குனிந்து நின்றான். எதையும் தொடவில்லை.  இரண்டாவது ஓட்டத்துக்கு எங்கள் எண்ணைக் கூப்பிட்டார்கள். பிறகு பானட்டை மூடிவிட்டு, ஓட்டுநர் பக்கம் வந்து தரையில் மல்லாந்து தலையை உள்ளே நுழைத்தான். வயரை வெட்டி, தோலைச் சீவி, முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்ற வேண்டும். கை நடுங்கியதில் டேப் இரண்டு தடவை கீழே விழுந்தது. உதவிக்குக் கை நீட்டாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கறுப்புப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான். “நிக்கும்” என்று வாயால் சொல்லவில்லை.

வரிசையில் வண்டியை நிறுத்தினேன். முன்னால் இரண்டே வண்டிகள். திடீரென்று இடது பக்கக் கதவு திறந்தது. அண்ணன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். செருப்பைக் கழற்றினான். இரண்டு கால்களையும் அந்த இரும்புத் தகட்டின் மேல் நேராக நீட்டி வைத்தான்.

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. ஃப்ளைவீல் அவன் பாதங்களுக்கு நேரே இருந்தது.

“எறங்கு அண்ணா.”

“ஒடைஞ்சா எனக்கக் காலு போவட்டு.”

“எறங்குன்னு சொன்னேன்!”

“நீ ஓட்டு. நான் ஒண்ணும் பேச மாட்டேன்.”

முன்னாலிருந்த வண்டிகள் போய்விட்டன. வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த மார்ஷல் ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். “சார், என்ன சார் பண்றீங்க? டிரைவர் மட்டும்தான். இறங்குங்க, இல்லன்னா வண்டியை வெளிய எடுக்கச் சொல்லிருவாங்க.” அண்ணன் முன்னால் பார்த்தபடியே இருந்தான். அவர் கதவைத் திறந்து தோளைத் தொட்டார். ஒருவர் கால் போனதற்கு ஏழு மாதம் இருட்டறையில் கிடந்த மனுஷன், செருப்பில்லாத காலோடு அந்தக் கொதிக்கும் தார்மேல் இறங்கினான். கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு அழுகை முட்டியது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக அழாமல் இருந்தேன்.

“கண்ணை மூடாத” என்றான். கதவைச் சாத்தினான்.

கோட்டில் நின்றேன். எஞ்சினை முறுக்கினேன். நான்காயிரம், நான்காயிரத்து ஐந்நூறு. பச்சை. கிளட்ச்சை விட்டேன். ஐயாயிரம் வந்தது, தாண்டியது. உதறல் இல்லை. நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் முன்னாலிருந்து வந்தது. ஆறாயிரம். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே இரண்டாவதுக்கு மாற்றினேன். பயம் போகவில்லை. பயந்துகொண்டேதான் மிதித்தேன். மூன்றாவது. கோடு வந்து, போய்விட்டது. பிரேக்கைத் தொட்டபோது என் இரண்டு பாதமும் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

நேரச் சீட்டில் பதினெட்டரை நொடி என்றிருந்தது. பக்கத்து வண்டி எனக்கு வெகு முன்னால் போய்விட்டிருந்தது. அது யாருக்கு வேண்டும்? சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, திரும்பும் பாதையில் வண்டியை விரட்டி எங்கள் இடத்துக்கு வந்தேன்.

அண்ணன் இல்லை. அவனுடைய செருப்பு வண்டிக்குள்ளேயே கிடந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இல்லை. கழிப்பறை வாசலில் நின்று கூப்பிட்டேன், இல்லை. சாப்பாட்டுப் பந்தலில் இல்லை. கோடு தாண்டியதை அவன் பார்க்கவில்லையோ, சத்தம் தாங்காமல் எங்காவது போய்விட்டானோ? நான்தான் அதிகம் இழுத்துவிட்டேன், அந்த அறையிலேயே விட்டிருக்கலாம், தட்டில் பாதியாவது தின்றுகொண்டிருந்தானே என்று தோன்றியது. வண்டிகளுக்கு நடுவே ஓடினேன்.

அந்த ஆரஞ்சு வண்டியின் பக்கத்தில் வெறுங்கால் இரண்டு தெரிந்தன. இடுப்புக்கு மேலே பானட்டுக்குள் இருந்தது. வண்டிக்காரர், பெரிய உடம்புக்காரர், பவ்யமாக டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்க அண்ணனுங்களா? நீங்க கோடு தாண்டற வரைக்கும் இங்கதான் நின்னுட்டு இருந்தாரு. தாண்டினதும் அப்படியே கீழ உக்காந்துட்டாரு. தண்ணி குடுத்தேன். அப்புறம் அவரே வந்து, உங்க வண்டி சத்தம் சரியில்ல, பானட்டைத் தொறங்கன்னாருங்க” என்றார்.

நான் கிட்டப் போய் நின்றேன். அண்ணன் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த நடுக்கத்தோடேயே வேலை நடந்துகொண்டிருந்தது.

“அண்ணா.”

“வந்தியா? நம்ம பெட்டியில பத்தாம் நம்பர் ஸ்பேனர் கெடக்கு, எடுத்துட்டு வா.”

“எனக்க டைம் என்னன்னு கேக்க மாட்டியா?”

அவன் நிமிரவில்லை. “மூணாவது ஓட்டம் பாக்கி கெடக்குல்லா? அதையும் ஓட்டிட்டு வா, சேத்துக் கேக்குகேன்.”

ஏழு மாதமும் ஒன்றரை மாதமுமாக அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது, முன்பின் தெரியாத ஒரு கோயம்புத்தூர்க்காரர் முன்னால். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அந்த மூன்றாவது ஓட்டத்திலிருந்து எப்படித் தப்பிப்பது என்று யோசித்தபடியே ஸ்பேனர் எடுக்கப் போனேன்.